சீல் பிரிக்காத பெட்டி

மெங் யுன்ஜுவுக்குச் சந்தேகப்படுவதுதான் சம்பளம். சியோலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தாள். காரின் பின்பக்கம் லேசாக உரசியதற்குக் கழுத்துப் பட்டை மாட்டிக்கொண்டு மருத்துவமனையில் படுத்திருப்பார்கள். சாயங்காலமானால் பட்டையைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்துவிட்டுக் கீழே போய்ப் பன்றிக்கறி சுட்டுத் தின்பார்கள். ஊரில் இவர்களுக்கு நைலான் நோயாளிகள் என்று பெயர். பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவர்கள் தின்பதைப் பார்த்துவிட்டு வருவது அவள் வேலை. பத்து வருஷமாக இதையே செய்ததில், ஒருவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் நீட்டினால்கூட எதற்கு நீட்டுகிறார் என்று யோசிக்கிற புத்தி வந்துவிட்டது.

வேலை இல்லாத நேரத்தில் கணினி விளையாட்டு. இணையத்தில் ஒரு குழுவோடு சேர்ந்து ஆடுவாள். சண்டை போடுகிறவர்களுக்குக் காயம் ஆற்றுகிற வைத்தியர் அவள்தான். அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், வாரக்கணக்காக முயன்ற பெரிய அரக்கன் சாகப்போகிற கட்டத்தில், அவளுடைய பழைய கணினி ஒரு முனகலோடு அணைந்துபோனது. பிறகு எழவில்லை. கைபேசியில் குழுவினரின் செய்திகள் வந்து விழுந்தன.

'வைத்தியர் எங்கப்பா?'

'எல்லாரும் செத்தாச்சு. வைத்தியர் மட்டும் தப்பிச்சு ஓடிட்டாங்க.'

'நைலான் வைத்தியர்.'

கணவன் பியோ இன்சு நீச்சல் பயிற்சியாளன். கணினியைத் திறந்துகூடப் பார்க்காதவன். "கடையில ரெடியா விக்கிறாங்கல்ல, ஒண்ண வாங்கிட்டு வந்துடு. எதுக்கு யோசிக்கிற?" என்றான்.

அவளும் போய்ப் பார்த்தாள். பூச்சொன் ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய கடை. விளையாட்டுக்கென்றே செய்த கணினிகள் கண்ணாடிப் பக்கத்தோடு, உள்ளே வண்ண விளக்குகள் எரிய, வரிசையாக நின்றன. விற்பனைப் பையன் இடுப்பை வளைத்துக் கும்பிட்டான்.

"இதுல பவர் சப்ளை யாரோடது?"

"எழுநூறு வாட் மேடம்."

"எத்தன வாட்னு கேக்கல. யார் செஞ்சதுன்னு கேட்டேன்."

"நல்ல கம்பெனிதான் மேடம்."

"நல்ல கம்பெனிக்குப் பேர் இருக்கும்ல?"

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் செயலியின் பெயர் பெரிதாக இருந்தது. கிராபிக்ஸ் கார்டின் பெயர் அதைவிடப் பெரிதாக இருந்தது. பவர் சப்ளை, மதர்போர்டு, மெமரி எதற்கும் பெயர் இல்லை. திறந்து காட்டச் சொன்னாள். திறந்தால் வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்துவிடும் என்றான். அப்படியானால் வாங்கிய பிறகு நான் திறந்தாலும் கிழியுமா என்று கேட்டாள். கிழியும் என்றான். அதாவது உள்ளே என்ன இருக்கிறதென்று யாருமே பார்க்கக் கூடாது, பார்க்காதவரைக்கும் நீங்கள் பொறுப்பு, அப்படித்தானே என்றாள். பையன் மேலாளரைத் தேடிப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.

உதிரி பாகங்களை ஒவ்வொன்றாகத் தானே வாங்கி, தானே பூட்டிக்கொள்வதென்று முடிவு செய்தாள். ஒவ்வொரு பெட்டியையும் தன் கையால் பிரிக்கலாம். ஒவ்வொரு பெயரையும் தன் கண்ணால் படிக்கலாம்.

"அப்ப மின்குவ கூட்டிட்டுப் போ" என்றான் இன்சு. "அவன் யோங்சான் மார்க்கெட்ல ரெண்டு வருஷம் குப்ப கொட்டினவன்."

மின்கு இன்சுவின் தம்பி. யோங்சானில் ஏதோ ஒரு கணினிக் கடையில் இருந்துவிட்டு, போன இலையுதிர்காலத்தில் திடீரென்று நின்றுவிட்டான். ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏணி வண்டியில் மாடி ஏற்றுகிற வேலை. நல்ல வேலையைக் காரணம் சொல்லாமல் விட்டவன் என்றாலே யுன்ஜுவின் மனசில் ஒரு முள் குத்தும். கையாடல் செய்து மாட்டியிருப்பான் என்று ரகசியமாக ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். இன்சுவிடம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை யோங்சான் நிலையத்தில் மின்கு நின்றிருந்தான். தொப்பியைப் புருவம்வரை இழுத்து, முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ்வரை ஏற்றியிருந்தான்.

"சளியா தம்பி?"

"இல்ல அண்ணி. குளிரு."

கட்டடத்துக்குள் ஹீட்டர் தகித்தது. அவன் முகக்கவசத்தை எடுக்கவில்லை. யுன்ஜு அதை மனசில் குறித்துக்கொண்டாள்.

நடைபாதையின் இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டார்கள். "எங்க வரைக்கும் விசாரிச்சுட்டு வந்தீங்க அக்கா? எவ்வளவுக்கு சொன்னாங்க? சொல்லுங்க, அதுல குறைச்சுத் தரேன்." மின்கு யாருக்கும் பதில் சொல்லாமல் நடந்தான். செயலியும் மதர்போர்டும் ஒரு கடையில், மெமரியும் பவர் சப்ளையும் இன்னொரு கடையில் வாங்கினார்கள். எல்லாம் அவள் வீட்டிலேயே விலை பார்த்து வைத்தவை, ஏமாற்ற இடமில்லை. கிராபிக்ஸ் கார்டுதான் பாக்கி. இருப்பதிலேயே விலை கூடியது அதுதான்.

"கார்ட கடைசில இருக்கற ஓக் அக்கா கடையில வாங்கிக்கலாம் அண்ணி" என்றான் மின்கு. "இந்தப் பக்கமா சுத்திப் போயிடலாம்."

"நேரா போனா கிட்டத்துல இருக்கே?"

"அந்தப் பக்கம் கூட்டமா இருக்கும்."

அந்தப் பக்கம் ஈ காக்காய் இல்லை. யுன்ஜு நேராகவே நடந்தாள். வேறு வழியில்லாமல் அவனும் பின்னால் வந்தான். பாதி வழியில் ஒரு கடையிலிருந்து வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். பெக் என்ற முதலாளி. மின்கு தொப்பியை இன்னும் இழுத்துக்கொண்டு, எதிர்க் கடையில் தொங்கிய கேபிள்களை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான். பெக்கின் பார்வை அவன் முதுகில் ஒரு கணம் நின்றுவிட்டுத் திரும்பியது.

அவள் தேடிய அதே கார்டு பெக்கிடம் இருந்தது. சீல் பிரிக்காத பெட்டி. ஓக் அக்காவின் கடையில் போய்க் கேட்டால் அதே பெட்டிக்கு விலை கூடுதல்.

"ஏன் தம்பி, அங்க குறைச்சலா இருக்கே?"

"இங்கயே வாங்குங்க அண்ணி. அது வேண்டாம்."

"காரணம் சொல்லுங்க."

"காரணமெல்லாம் ஒண்ணுமில்ல. இவங்க நல்லவங்க."

ஓக் அக்கா மின்குவைப் பார்த்துத் தலையை ஆட்டியதை யுன்ஜு பார்த்தாள். தெரிந்தவர்கள். கமிஷன் என்று அவள் மனசு முடிவு கட்டிவிட்டது. விலை கூடுதலான கடைக்குக் கூட்டிவந்து, காரணம் கேட்டால் நல்லவங்க என்கிறான்; நைலான் நோயாளிக்குச் சான்றிதழ் கொடுக்கிற டாக்டர்கள் எல்லாருமே நல்லவர்கள்தான். திரும்பிப் போய்ப் பெக்கிடமே வாங்கினாள். வாங்கும்போது பெட்டியை நாலு பக்கமும் திருப்பி, சீலையும் அடியிலிருந்த எண்ணையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். மின்கு நடைபாதையின் முனையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் கூடத்துத் தரையில் போர்வை விரித்து வேலையை ஆரம்பித்தார்கள். தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்களின் சூடு இதமாக இருந்தது. இன்சு ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, எது எங்கே போகும் என்று ஒரு தரம் கேட்டுவிட்டு, பதில் புரியாமல் சோபாவில் சாய்ந்துவிட்டான். மின்குவின் கை வேகமான கை. செயலியை உட்காரவைத்தான், பசை தடவினான், மின்விசிறியைப் பூட்டினான், கம்பிகளை முதுகுப்பக்கமாக ஒளித்துக் கொண்டுவந்தான். யுன்ஜு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், சீட்டாட்டத்தில் எதிராளியின் கையைப் பார்ப்பதுபோல. அவன் ஆரஞ்சு உரிக்கப் போனால்கூட அவள் கண்ணும் கூடவே போனது.

கிராபிக்ஸ் கார்டின் பெட்டியை எடுத்தவன் பிரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். சீலின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"அண்ணி, இத நாளைக்கே திருப்பிக் குடுத்துடலாமா?"

"எதுக்கு?"

"வேற கம்பெனியோடது இன்னும் நல்லா ஓடும்னு..."

"இதுவே நல்லா ஓடும்."

"சரி. அப்ப நீங்களே பிரிங்க. நீங்களே மாட்டுங்க." பெட்டியை அவள் மடியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

கணினி முதல் தட்டலிலேயே எழுந்தது. இன்சு கைதட்டினான். தருவித்த கறுப்பு நூடுல்ஸைப் போர்வை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மின்கு மட்டும் பாதியில் குச்சிகளை வைத்துவிட்டு, காலையில் வேலை இருக்கிறது என்று எழுந்துகொண்டான்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஆட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் திரையில் பச்சைக் கட்டங்கள் தெறிக்கும், அப்படியே உறைந்துவிடும். முதலில் விளையாட்டின் கோளாறு என்று நினைத்தாள். ஒரு வார முடிவில் அவளுக்கு மின்குமேல் சந்தேகம் வந்துவிட்டது. அவன்தான் மாற்றியிருக்க வேண்டும். அன்றைக்கு அவள் கழிவறைக்குப் போன நேரம் இருந்தது. நூடுல்ஸ்காரனுக்குக் கதவு திறக்கப் போன நேரம் இருந்தது. திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டது எல்லாம் முன்னேற்பாடு.

கணினியைத் திறந்து கார்டைக் கழற்றினாள். கார்டில் ஒட்டியிருந்த எண்ணைக் கைபேசியிலிருந்த படத்தோடு ஒத்துப் பார்த்தாள். ஒவ்வொரு இலக்கமும் பொருந்தியது. இன்னொரு முறை பார்த்தாள். மாறவில்லை. வீட்டில் யாரும் எதையும் மாற்றவில்லை.

தன் கோப்பிலிருந்து ஒருத்தன் பெயரை அடித்துவிட வேண்டியிருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. அந்த ஏமாற்றத்தைக் கண்டு அவளுக்கே என்னவோபோல் ஆனது.

சர்வீஸ் மையத்தில் கண்ணாடி போட்ட பெண் கார்டைப் பிரித்து, உள்ளே வெப்பம் கடத்துகிற பட்டைகளிலிருந்து எண்ணெய் கசிந்து காய்ந்திருப்பதைக் காட்டினாள். "இது சுரங்கத்துல கிடந்த கார்டு" என்றாள். இணைய நாணயம் தோண்டுகிறேன் என்று கிடங்கு கிடங்காக இரவு பகல் ஓட்டி, நாணயத்தின் விலை சரிந்ததும் மொத்தமாகத் தள்ளிவிட்ட கார்டுகள் அந்த வருஷம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. "கழுவி, அதே நம்பர் ஒட்டின புதுப் பெட்டில போட்டு வித்திருக்காங்க. சீல் எப்படி இருந்துச்சு?"

"பிரிக்காம இருந்துச்சு."

"அப்ப யாரோ நல்ல கைகாரன்" என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் மதியம் யுன்ஜு அலுவலகத்திலிருந்து நேராக யோங்சானுக்குப் போனாள். பெக் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. காபிகூடக் கலந்து கொடுத்தார்.

"எங்க கடையில அப்படி நடக்காது மேடம். நீங்க வீட்ல பிரிச்சப்ப யாராவது கூட இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"தொப்பி போட்டுட்டு அந்தப் பக்கம் நின்னாரே, அவரா? பியோ மின்கு." பெக் சிரித்தார். "முதுகப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டேன். இந்தக் கடையிலதான் இருந்தான். உங்களுக்கு என்ன வேணும்?"

"கொழுந்தன்."

"அப்ப வீட்லயே விசாரிங்க மேடம். பெட்டிய பிரிச்சது தெரியாம மறுபடி மூடறதுல அவன் கைக்கு ஈடு கிடையாது. நான் வெளிய சொல்ல மாட்டேன். குடும்ப விஷயம்."

எண் பொருந்தியதை அவள் பார்த்திருக்காவிட்டால் அந்த இடத்திலேயே பெக்கை நம்பியிருப்பாள். அவள் நம்ப விரும்பியதைத்தான் அவர் எடுத்துத் தந்தார். காபியைத் தொடாமல் எழுந்தாள்.

மின்கு அன்று மாபோ பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் வேலையாக இருந்தான். ஏணி ஒன்பதாவது மாடி ஜன்னல்வரை நீண்டிருந்தது. ஒரு குளிர்பெட்டி அதில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அது உள்ளே போகும்வரை யுன்ஜு சாலையோரம் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"கார்டு போயிடுச்சா அண்ணி?"

"போயிடும்னு தெரியுமா?"

"தெரியும். சீலோட ஓரத்துல லேசா ஒரு சுருக்கம் இருந்துச்சு. ஹேர் டிரையர் சூடு கொஞ்சம் கூடிப்போனா அப்படி வரும்."

"நீங்க மூடினதா?"

"இருக்கலாம். எனக்கப்புறம் வந்தவன் மூடினதாவும் இருக்கலாம். ஒரு வருஷம் அதத்தான் செஞ்சேன். மூட்ட மூட்டையா வரும். பிரஷ்ஷால தேய்ச்சு, ஆல்கஹால்ல தொடச்சு, பெட்டில வெச்சு மூடணும். ஒரு நாள் ஒரு அம்மா, ஆஸ்பத்திரில படுத்திருக்கற பையனுக்குன்னு வாங்கிட்டுப் போனாங்க. கெட்டுப்போச்சுன்னு திரும்பி வந்து அழுதாங்க. முதலாளி அவங்ககிட்ட, உங்க பையன் இதத் தண்ணியில போட்டிருப்பான்னு சொன்னாரு. நான் பக்கத்துலயே நின்னேன். மறுநாள் போகல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எப்படி அண்ணி சொல்றது? ஏற்கனவே நீங்க என்னப் பார்க்கற பார்வை..." நிறுத்தினான். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னும் சொல்ல மாட்டேன். கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்."

ஒன்பதாவது மாடியிலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் கையை மட்டும் காட்டினான்.

"சனிக்கிழமை லீவு போடறேன். நானும் வரேன் கடைக்கு."

சனிக்கிழமை அவன் தொப்பி இல்லாமல் வந்தான். வருவான் என்று அவள் முழுசாக நம்பியிருக்கவில்லை. பெக்கின் கடையில் இரண்டு மாணவர்கள் ஒரு கார்டை வைத்துக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மின்கு முறைப்படி குனிந்து வணங்கினான்.

"நல்லா இருக்கீங்களா முதலாளி?"

"அட, மின்கு. அண்ணியக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"ஆமா. ஹேர் டிரையர் இன்னும் அந்தக் கீழ் டிராயர்லதான் இருக்கா?"

பெக்கின் சிரிப்பு அப்படியே நின்றது. "எந்த டிரையர்?"

"தம்பிங்க கையில இருக்கே, அந்தப் பெட்டியப் பிரிச்சு மூடிக் காட்டவா? ரொம்ப நேரம் ஆகாது. எப்படின்னு அவங்களும் பார்த்துக்கட்டும்." குரலை உயர்த்தவே இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்பதுபோலக் கேட்டான். ஆனால் அவன் காதுமடல் சிவந்திருந்ததை யுன்ஜு கவனித்தாள்.

மாணவர்களில் ஒருவன் பெட்டியை மெல்ல மேசைமேல் வைத்தான். இருவரும் நகர்ந்துவிட்டார்கள்.

பெக் மின்குவின் தோளில் கைபோட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். "உனக்கு நான் சோறு போட்டவன்டா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மின்கு நகரவில்லை. யுன்ஜு கார்டை மேசைமேல் வைத்து, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னாள். வேறு கார்டு தருகிறேன் என்றார் பெக். உங்கள் கையிலிருந்து இன்னொரு பெட்டி வேண்டாம் என்றாள். அடுத்த கடைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பணம் வந்தது.

ஓக் அக்காவிடம் கார்டு வாங்கினார்கள். யுன்ஜு அங்கேயே பெட்டியைப் பிரித்து, கடையின் கணினியில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னாள். "நல்லா பார்த்துக்கோங்க மேடம், எனக்கு என்ன வந்துச்சு" என்றார் ஓக் அக்கா. ஓடியது. அப்புறமும் திருகாணிகளைக் குனிந்து பார்த்தாள்.

பக்கத்துக் கடையில் கத்தியால் நறுக்கிய நூடுல்ஸ் சூப் சாப்பிடும்போது அவள் பேச்செடுத்தாள். "இத நான் சும்மா விட முடியாது தம்பி. புகார் குடுக்கணும். உங்க பேரும் வரும்."

மின்கு சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வந்தா என்ன ஆகும்?"

"கூப்பிட்டு விசாரிப்பாங்க. கூலிக்கு செஞ்சவர், தானா வந்து சொன்னவர்னா பார்த்து நடந்துப்பாங்கன்னு நினைக்கறேன். உறுதியா சொல்ல முடியாது."

"கொஞ்சம் யோசிச்சு சொல்றேன்."

சரி என்றாள். ஆனால் அந்த வாரம் முழுக்க, அவன் பெக்கிடம் போய்ப் பேரம் பேசிக்கொண்டிருப்பான் என்றும், கைபேசி எண்ணை மாற்றிவிட்டு பூசானுக்கு ரயில் ஏறியிருப்பான் என்றும் மாறி மாறி நினைத்தாள். வெள்ளிக்கிழமை மதியம் அவள் அலுவலக வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருந்தான், வேலைச் சட்டையோடு. "எங்க அண்ணி எழுதணும்?" என்றான்.

இன்சு இதைக் கேள்விப்பட்டதும் கொதித்தான். "என் கூடப் பொறந்தவன நீயே மாட்டி விட்டுட்டியே. ஒரு கார்டுக்காகவா?" என்று கேட்டுவிட்டுப் பல நாள் அவளோடு பேசவில்லை. மின்குவே வந்து, தான்தான் கேட்டுக்கொண்டதாக அண்ணனிடம் சொன்னான். அது முழு உண்மை இல்லை. யுன்ஜு திருத்தவில்லை.

விசாரணை நடந்தது. மின்குவை எச்சரித்து விட்டுவிட்டார்கள். பெக்குக்கு அபராதம் விழுந்து கடை மூடியது. வசந்தம் வருவதற்குள் அதே கட்டடத்தில் ஒரு மாடி மேலே, புதுப் பெயரில் ஒரு கடை திறந்தது. கல்லாவில் பெக்கின் மச்சான் உட்கார்ந்திருக்கிறார் என்று ஓக் அக்கா செய்தி அனுப்பினார்.

அடுத்த புத்தாண்டுக்கு அரிசிக் கேக் சூப் சாப்பிட மின்கு வந்திருந்தான். இன்சு குப்பை கொட்டக் கீழே போயிருந்த நேரத்தில், யுன்ஜு வெகுநாளாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"அந்தக் கார்டு கெடாம ஓடிட்டே இருந்திருந்தா, என்னைக்காவது சொல்லியிருப்பீங்களா?"

மின்கு கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தான்.

"தெரியல அண்ணி" என்றான்.

பத்து வருஷத்தில் அவளிடம் பொய் சொன்ன யாரும் அந்தப் பதிலைச் சொன்னதில்லை. அவள் அவன் கிண்ணத்தை வாங்கி இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.